அவருக்குப் போட்ட இடம்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்செங்கோட்டுக்கு மாற்றலாகி வந்தபோது அங்கே எனக்கு யாரையும் தெரியாது. முதல் ஞாயிறு அங்கிருந்த சபையின் ஆராதனைக்குப் போனேன். ஆண்கள் பக்கத்துப் பாயில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. புது ஆளுக்கென்று நினைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார். ஒடிசலான உடம்பு, வெளுத்துப்போன நூல்சேலை, நரைத்த தலையில் முக்காடு.

"அது எங்கூட்டுக்காரருக்குப் போட்ட எடமுங்க."

பதறி எழுந்தேன். "எங்க போயிருக்காருங்கம்மா?"

"போர் போடற லாரியில வடக்க போனாருங்க. ஏழெட்டு வருசமா ஒரு தகவலும் இல்லீங்க. கர்த்தர் கூட்டியாருவாரு." என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க உக்காருங்க தம்பி. அவரு வந்தா எந்திரிச்சுக்குங்க."

அதன் பிறகு ஞாயிறுதோறும் அந்த அம்மா விரித்து வைக்கும் அந்தத் துண்டில்தான் உட்கார்ந்தேன். வெளியே லாரி நிற்கும் சத்தம் கேட்டால் பாதி எழுந்து வாசலைப் பார்ப்பேன். அந்த அம்மா ஒருநாளும் திரும்பியதில்லை. கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருப்பார்.

மறுபடி மாற்றல் வந்தது. கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் துண்டை உதறி, சுருக்கமில்லாமல் விரித்துவிட்டு வந்தேன். அதுவரை என்னை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.