அந்தப் பலகை இருந்த சுவர்

காகிதக் கப்பில் சூடான டீயை ஊற்றியதும் ஒரு வாடை வரும், கவனித்திருக்கிறீர்களா? நனைந்த அட்டைப்பெட்டியில் மெழுகு உருகின மாதிரி. போன வாரம் காரைக்குடியிலிருந்து ஒரு வேலை விசாரிக்கப் போனவன், வழியில் பழக்கப்பட்ட நிறுத்தம் ஒன்றைப் பார்த்ததும் இறங்கிவிட்டேன். ஊர்ப் பேர் வேண்டாம். வழக்கு முடிந்தாலும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே இப்போது ஒரு பேக்கரி. கல்லாவில் இருந்த இளைஞன் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காகிதக் கப்பில் டீ கொடுத்தான். பக்கத்தில் நின்ற வெள்ளை வேட்டிக்காரருக்கு, அவர் வாயைத் திறக்கும் முன்பே, கண்ணாடிக் கிளாஸில் வந்தது.

சாதாரண ஆளாக இருந்தால் குடித்துவிட்டு பஸ்ஸைப் பிடித்திருப்பான். நான் கப்பை மூக்கருகே பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

அந்த இடத்தில் முன்பு ஓடு வேய்ந்த டீக்கடை இருந்தது. நான் அதில் டீ மாஸ்டர். மாஸ்டர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எட்டாவதைப் பாதியில் விட்டவனை வேறு யாரும் மாஸ்டர் என்று கூப்பிடப் போவதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன் லாரி கிளீனர், பரோட்டாக் கடை, ஆத்தங்குடிப் பக்கம் ஒரு தரைக்கல் பட்டறையில் மணல் சலிப்பு. கொஞ்ச காலம், ஹோட்டலாக மாற்றிய ஒரு பெரிய வீட்டில் பெட்டி தூக்கினேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு முகப்பு, வளவு என்று வீட்டுக்குள் ஒவ்வொரு கட்டாகச் சுற்றிக் காட்டுவார்கள். பின்பக்கம் தனியாக ஒரு வாசல் எதற்கு என்று யாராவது கேட்டால், காற்றோட்டத்துக்கு என்பார்கள். அந்தக் காற்று எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று சொல்ல மாட்டார்கள்.

எந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வி, "தம்பிக்கு எந்த ஊரு?" அடுத்தது, "அங்க எந்தத் தெரு?" முதல் கேள்விக்குப் பேச்சுக்கு ஒரு ஊரைச் சொல்வேன். இரண்டாவதற்கு, "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்பேன். அதற்குமேல் நோண்ட வழியில்லை. டீக்கடை முதலாளி ராமசாமி மட்டும் என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஆளப் பாத்தா நம்மாளு மாதிரித்தான் இருக்கு" என்று தானே முடிவுசெய்து வேலைக்கு வைத்துக்கொண்டார். அவர் கணக்கு சரியா தப்பா என்று அப்போதும் நான் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லப்போவதில்லை.

கடைக்குள் பெஞ்சு, கண்ணாடிக் கிளாஸ். வெளியே, கூரைச் சரிவுக்குக் கீழே, சுவரில் ஆணியடித்த ஒரு பலகை. அதில் கவிழ்த்து வைத்த கிளாஸ்கள். பார்த்தால் உள்ளே இருப்பதும் அதே கிளாஸ்தான். கீழத்தெருவிலிருந்து வருகிறவர்கள் பலகையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். நான் விளிம்பு படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவேன். குத்தவைத்துக் குடித்துவிட்டு, டிரம்மில் தண்ணீர் மொண்டு தாங்களே கழுவி, மறுபடி பலகையில் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். ஒரு எழுத்து எழுதி ஒட்டியிருக்காது. ஒரு வார்த்தை பேச்சு இருக்காது. உயரத்திலிருந்து ஊற்றினால் நுரை நன்றாக வரும். அதைப் பார்த்து ஒரு வழிப்போக்கர் என் கைப்பக்குவத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்.

குமரேசன் கீழத்தெருப் பையன். வயரிங் வேலை தெரியும். சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் இடம் கிடைத்து, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டிருந்தான். ஒருநாள் காலையில் மதுரை போய்விட்டு வந்த சட்டையோடு கடைக்குள் வந்தவன், தட்டில் நான் ஊற்றி வைத்திருந்த கிளாஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். திமிராக எல்லாம் இல்லை. பஸ்ஸில் வந்த களைப்பு. முதலாளி கல்லாவிலிருந்து எழுந்துவந்து அந்தக் கிளாஸைத் தட்டிவிட்டார். கொதிக்கிற டீ பையனின் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வழிந்தது. சாதிப் பேரைச் சொல்லி, "சிங்கப்பூரு போறவனுக்கு உள்ள ஒக்காந்தாத்தான் எறங்குமோ?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரைப் படித்தார்கள். அன்றைக்குப் போல அந்த ஊர் பேப்பர் படித்து நான் பார்த்ததில்லை.

பையன் புகார் கொடுத்தான். அன்று சாயங்காலமே முதலாளி பக்கமிருந்து எதிர்ப்புகார்: கடைக்குள் புகுந்து சாமானை உடைத்தான், கொலை மிரட்டல் விட்டான் என்று. இது வழக்கமான வைத்தியம். இரண்டு வழக்கும் இருக்கட்டும், அப்புறம் உட்கார்ந்து பேசி ரெண்டையும் வாபஸ் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்காகப் போடுவது. குமரேசன் விஷயத்தில் அது இன்னும் நன்றாக வேலை செய்தது. அவன் மேல் வழக்கு இருந்ததால் பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை அப்படியே நின்றுபோனது. சிங்கப்பூர்க் கம்பெனி ஒரு அளவுக்குமேல் காத்திருக்காது.

அப்போதுதான் வக்கீலம்மா வந்தார். மும்தாஜ் என்று பேர். காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ். இந்த மாதிரி வன்கொடுமை வழக்குகளைக் கோர்ட்டில் நடத்துவது அரசு வக்கீல்தான். பாதிக்கப்பட்டவர் பக்கம் துணைக்கு நின்று, சாட்சி கலைந்துவிடாமல் பார்ப்பது இவர் வேலை. முதல் தடவை யாரென்று சொல்லாமலேயே கடைக்கு வந்து ஒரு டீ கேட்டார். குடிக்கவேயில்லை. நான் வெளியே எப்படி ஊற்றுகிறேன், உள்ளே எப்படி ஊற்றுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். சரி, சுகாதாரத் துறை என்று நினைத்து நான் அவசரமாகக் கரண்டியைக் கழுவினேன்.

பிறகு என் லீவு நாளில் காரைக்குடியில் பிடித்துவிட்டார். "நீங்க பாத்ததச் சொல்லுவீகளா?" என்றார். நான், "உங்களுக்கு இதுல என்ன கிடைக்கும்?" என்று கேட்டேன். அப்போது எனக்குத் தெரிந்த உலகத்தில் எதுவும் கிடைக்காமல் யாரும் ஸ்கூட்டியில் கிராமம் கிராமமாக அலைவதில்லை. அவர் கோபப்படவில்லை. "நல்ல கேள்வி. நானும் உங்களக் கேக்கணும். மொதலாளி வீட்டு விசேஷத்துக்கு எதுக்கும் போயிருக்கீகளா?"

"எதுக்கு?"

"என் சாட்சிக எல்லாம் கறிவிருந்துக்குப் போய்ட்டு வந்துதான் பெறழுறாக. கல்யாணப் பத்திரிகையப் பாத்தாலே ஒரு சாட்சி கொறஞ்சுச்சுன்னு எழுதி வச்சுக்கிறேன்."

அவர் என்னைச் சந்தேகப்பட்டார், நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது. ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஊர், தெரு இரண்டையும் அவர் கேட்கவே இல்லை. கேட்காதவர்கள் ஏற்கெனவே விசாரித்துவிட்டவர்கள் என்பது என் அனுபவம்.

வழக்கை விசாரிக்கிற டி.எஸ்.பி. இடத்தைப் பார்க்க வருகிறார் என்ற செய்தி, அவர் வரும் முன்பே கடைக்கு வந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாராக இருக்கும் என்று நான் நினைக்கிற ஆட்களின் வரிசை மட்டும் வருஷா வருஷம் நீண்டுகொண்டே போகிறது. முதலாளி புதிதாகக் கிளாஸ்கள் வாங்கிவந்தார். பலகையைப் பெயர்த்து அடுப்பில் போடச் சொன்னார். போட்டேன், நன்றாகவே எரிந்தது. ஆணி இருந்த ஓட்டைகளுக்குச் சுண்ணாம்பு பூசினார். டிரம்மை மட்டும் எடுக்கவில்லை. கடை என்றால் தண்ணீர் வேண்டுமே.

டி.எஸ்.பி. வந்தார். கூடவே வக்கீலம்மா, கையில் கட்டோடு குமரேசன், அவன் அப்பா கருப்பையா. முதலாளிக்கு வாயெல்லாம் பல். "எல்லாரும் உள்ள வாங்க. நமக்குள்ள என்ன வித்தியாசம்? இங்குட்டு ஒக்காருங்கய்யா" என்று கருப்பையாவைப் பெஞ்சில் உட்காரவைத்தார். அந்த மனிதர் பெஞ்சின் ஓரத்தில், எந்த நேரமும் எழுந்துவிடுகிற மாதிரி உட்கார்ந்தார். எல்லோருக்கும் ஒரே தட்டில் ஒரே மாதிரிக் கிளாஸில் கொடுத்தேன். குடித்தார்கள். முதலாளி மழையைப் பற்றிப் பேசினார். வழக்கு அந்த நிமிஷம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வக்கீலம்மாவின் முகத்தைப் பார்த்தால் அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

கருப்பையா குடித்து முடித்தார். எழுந்தார். வெளியே போய் டிரம்மில் தண்ணீர் மொண்டு கிளாஸைக் கழுவினார். கழுவிய கிளாஸோடு கூரைச் சரிவுக்குக் கீழே வந்து நின்றார். கை மேலே போனது. அங்கே பலகை இல்லை. மனிதர் கிளாஸைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்கிறார், வைக்க இடம் தெரியாமல்.

முதலாளி மழைப் பேச்சிலிருந்து தலையைத் திருப்பினார். யாராவது வழியில் நின்றால் சொல்கிற அதே குரலில், அதே அலுப்பில், "என்னடா முழிக்கிற, எப்பவும் வைக்கிற எடந்தான, அங்குட்டு வையி" என்றார்.

அடுப்பில் பால் பொங்கியது. நான் இறக்கவில்லை.

டி.எஸ்.பி. மெதுவாகக் கேட்டார். "எங்குட்டு?"

முதலாளியின் கை சுவரைக் காட்டி நீண்டிருந்தது. அதை எப்படி மடக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. டி.எஸ்.பி. எழுந்துபோய், ஈரம் காயாத சுண்ணாம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

என் வாக்குமூலத்தையும் அன்றே எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் எனக்கு அந்தக் கடையில் வேலை இல்லை. அது பெரிய விஷயமில்லை, அடுப்பு எல்லா ஊரிலும் இருக்கிறது. என்னை அரித்தது வேறு. வக்கீலம்மாவின் ஆபீஸுக்குப் போய் நேராகவே கேட்டேன்: "பெரியவருக்கு நீங்க சொல்லிக்கொடுத்தீகளா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "நான் சொல்லிக்கொடுத்தது என்ன தெரியுமா? குடிச்ச கிளாஸ அங்கயே வச்சுட்டு, சட்டுனு எந்திரிச்சு வந்துருங்கன்னு சொன்னேன். காலுக்கு மேல காலு போட்டு ஒக்காரச் சொன்னேன். அதுதான் அவருக்கு வரல."

கருப்பையா அங்கேதான் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி காலியாக இருந்தது. "கை தானாப் போயிருச்சு தம்பி" என்றார். "மகன் அத்தன பேரு முன்னாடி உள்ள போயி ஒக்காந்தான். நான் ஆபீசரு பக்கத்துல இருந்தும் வெளிய வந்துட்டேன்." வழக்குக்கு உயிர் கொடுத்ததே அந்தக் கைதான் என்று வக்கீலம்மா எடுத்துச் சொன்னார். பெரியவர் கேட்டுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதன்பிறகு முதலாளி பக்கமிருந்து குமரேசனிடம் பேச்சுவார்த்தைக்கு ஆள் வந்தது. நல்ல ஆள், மரியாதையான பேச்சு. "நீயும் எடுத்துக்க, அவுகளும் எடுத்துக்கிருவாக. அடுத்த மாசம் நீ சிங்கப்பூருல இருப்ப. இந்தம்மாவுக்கு வழக்கு வேணும், உனக்கு வாழ்க்கை வேணும், ரெண்டும் ஒண்ணாப்பா?" எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆபீஸில் வக்கீலம்மாவுக்கு எதிரிலேயே சொன்னேன். அவர் குமரேசனிடம், "அவர் சொல்றதுல தப்பில்ல. நீ எடுத்துக்கிட்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன். ஆனா உன் மேல உள்ள பொய் வழக்க ஒடைக்க மதுரை ஐகோர்ட்டுல எழுதிப் போட்டுருக்கேன். அது எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். குமரேசன் கட்டுப் பிரித்த கையைச் சொறிந்தபடி, அப்பா கீழே உட்கார்ந்திருப்பதையே பார்த்தான். "வரும்போது வரட்டும்" என்றான்.

வந்தது. அவன் மேல் இருந்த வழக்கு உடைந்தது, பாஸ்போர்ட்டும் கிடைத்தது. அதற்குள் சிங்கப்பூரில் அவன் இடத்துக்கு வேறொருவன் போயிருந்தான். மாவட்டக் கோர்ட்டில் நான் கூண்டில் ஏறியபோது எதிர்த்தரப்பு வக்கீல் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில், "உமக்கு எந்த ஊர்? அங்க எந்தத் தெரு?" என்றார். கறுப்பு கோட்டிலும் அதே கேள்விதான். "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றேன். நீதிபதி குனிந்து எதையோ எழுதினார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

முதலாளி ராமசாமிக்குத் தண்டனை ஆனது. அப்பீல் போட்டார். அப்பீல் முடியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். குமரேசன் பின்னால் கத்தாருக்குப் போனதாகக் கேள்வி. கருப்பையாவைப் பற்றி யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. பேக்கரிக் கல்லாவில் இருக்கும் இளைஞனிடம் கேட்க முடியாது. அவன் முகத்தில் ராமசாமியின் மூக்கு இருக்கிறது.

"தம்பி, இவருக்கு மட்டும் கிளாஸு, எனக்கு எதுக்குக் கப்பு?" என்று கேட்டேன்.

"அவுக தெனமும் வர்றவுக. வெளியூர்க்காரவுகளுக்குக் கப்புதான் சுத்தம்ணே."

குறை சொல்ல முடியாத பதில். அப்போது வேலைக்குப் போகிற பெண்கள் சிலர் ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். அவன் கை கப்புக்குப் போனது. கீழத்தெருக்காரர்களா, எனக்கு எப்படித் தெரியும்? தினமும் வருகிறவர்கள்தான் என்பது மட்டும் தெரிந்தது. எத்தனை டீ, யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று அவன் கேட்கவேயில்லை.

வக்கீலம்மாவுக்கு போன் போட்டேன். குரல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, கேள்வி தளரவில்லை.

"யாரும் எதுவும் சொன்னாகளா?"

"இல்ல."

"தனியா நிக்கச் சொன்னாகளா? கழுவச் சொன்னாகளா?"

"கழுவ என்ன இருக்கு, கப்புதான. குடிச்சுட்டுக் கூடையில போடணும்."

"எல்லாருக்கும் ஒரே கூடையா?"

எட்டிப் பார்த்தேன். "ஒரே கூடைதான்."

பேனா மூடியைப் போடுகிற சத்தம் கேட்டது. "அப்ப நான் என்னத்த எழுத?" என்றார்.

போனை வைத்துவிட்டுச் சுவரைத் தேடினேன். இப்போது அங்கே பளபளப்பாக டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். விரலால் தடவினால் விரலில் ஒன்றும் ஒட்டுவதில்லை. அந்தப் பெண்கள் நின்றபடியே குடித்துவிட்டு, கப்பைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார்கள். என் கப்பு ஊறி அடியில் ஒழுக ஆரம்பித்திருந்தது. எங்கே வைப்பது என்று நானும் ஒரு நிமிஷம் நின்றேன். யாரும் எதுவும் சொல்லவில்லை.