இரண்டு தட்டு

இதை நம்பும்படி யாரையும் கேட்கப்போவதில்லை. என் அண்ணன் ரஞ்சனின் இடது காலில் பதினான்கு தையல் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே தோல் மேலிருந்து கீழாக உரிந்த தடமும் இருக்கிறது. நான் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை பார்ப்பவள். எதையும் அளந்து, நேரம் குறித்துப் பழகியவள். அப்போதும் குறித்து வைத்தேன். அதை அப்படியே எழுதுகிறேன்.

நடந்தது பகலில்.

எங்கள் வண்டி ஒரு பழைய ஜிம்னி ஜீப். மலேசியாவில், ஜோகூரின் எண்ணெய்ப்பனைத் தோட்டப் பாதைகளில் ஓட்டுவதற்காக அண்ணன் வாங்கியது. அங்கே கல்லும் வேரும் வண்டியின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். அதைத் தடுக்க, கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் தடித்த இரும்புக் குழாய் பொருத்துவார்கள். ராக் ஸ்லைடர் என்று பெயர்.

இங்கே சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் அப்துல் மஜீது அண்ணனின் வண்டிப் பட்டறையில் இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று புதிது. இரும்பின் தடிமன் இரண்டு மில்லிமீட்டர். மற்றது ஜோகூரிலிருந்து வந்த பழையது. நான்கு மில்லிமீட்டர்.

“புதுசு அழகா இருக்கு லா,” என்றான் அண்ணன்.

“அழகப் பாத்துட்டு கல்லு ஒதுங்கிப் போவாது தம்பி,” என்றார் மஜீது அண்ணன். “பாப்பா சொல்லட்டும். படிச்ச புள்ள.”

நான் பழையதைக் காட்டினேன். தேர்ந்தெடுத்தது நான்தான்... இதை மறைக்க விரும்பவில்லை.

வெல்டிங் வேண்டாம், போல்ட் போதும் என்றோம். தேவைப்பட்டால் கழற்றலாம். அவர் முடுக்கிக்கொண்டிருந்தபோது குனிந்து பார்த்தேன். குழாய்களின் அடியில் கீறல்கள். அது சரி, கல் கீழேதானே உரசும். ஆனால் இடப்பக்கக் குழாயின் மேற்புறத்திலும் கீறல்கள் இருந்தன. கால் வைத்து ஏறும் இடத்தில். குறுக்காக, நெருக்கமாக... யாரோ நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி உதைத்ததுபோல.

“இத யார்கிட்ட வாங்குனீங்க, அண்ணே?”

“மொத்தமா வந்த இரும்பு, பாப்பா. கேட்டுச் சொல்றேன்.”

வியாழக்கிழமை. மாலை 5.20. ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்தும் கட்டடம், நாலாவது மாடி. வண்டி இடப்பக்கம் சாய்ந்து நின்றது. டேப் வைத்து அளந்தேன். பதினாறு மில்லிமீட்டர் தாழ்வு. டயரில் காற்று சரியாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வலப்பக்க ஸ்லைடரில் ஏறி நின்று, கீழே நிறுத்தியிருந்த டேப்பை ஃபோனில் படம் பிடித்தேன். என் எடை நாற்பத்தெட்டு கிலோ. அந்தப் பக்கம் பன்னிரண்டு மில்லிமீட்டர் இறங்கியது. கணக்குப்படி, இடப்பக்கம் அறுபத்து நான்கு கிலோ இருந்தது.

அங்கே ஒன்றும் இல்லை.

5.31. ஸ்பிரிங் கிரீச்சிட்டது. வண்டி நிமிர்ந்தது... யாரோ இறங்கினால் நிமிருமே, அப்படி.

“வண்டியையும் லேப் ஆக்கிட்டியா?” என்று அண்ணன் சிரித்தான். “புது போல்ட்டு செட்டாகுது, அவ்ளோதான்.”

ஞாயிற்றுக்கிழமை. மாலை 4.10. நல்ல மழை. தூணை ஒட்டிய இடத்தில் பின்னோக்கி நிறுத்தப் பழகிக்கொண்டிருந்தேன். ஸ்லைடர் வண்டியைவிட ஓர் உள்ளங்கை அகலம் வெளியே நீண்டிருந்தது. அது தூணில் இடிக்காமல் பார்க்க, அண்ணன் இறங்கி இடப்பக்கம் நின்றான். அவன் கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளன்.

“சைட்ல லாரிக்கு தட்டுவோம்ல, அதே மாதிரிதான். ரெண்டு தட்டினா வா. ஒண்ணு தட்டினா நில்லு. நான் கத்தமாட்டேன். யாராவது கத்துனா நீதான் பதறிடுவியே.”

4.14.

டப் டப். பின்னால் எடுத்தேன்.

டப் டப். இன்னும் கொஞ்சம்.

டப் டப்.

அண்ணன் அலறினான்.

பிரேக்கை மிதித்தேன். இடப்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். தூணுக்கும் ஸ்லைடருக்கும் நடுவில் அவன் கால் சிக்கியிருந்தது. இரண்டு கைகளாலும் தூணைக் கட்டிப்பிடித்திருந்தான்.

டப் டப்.

இரண்டு கைகளும் தூணில்தான் இருந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“முன்னாடி போ! இனியா... முன்னாடி!”

முதல் கியர் போட்டேன். வண்டி உறுமியது. நகரவில்லை. இஞ்சின் அணைந்தது.

டப் டப்.

வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. இது பதினாறு மில்லிமீட்டர் இல்லை... ஒரு சாண். ஸ்லைடர் அவன் காலை அழுத்தியபடியே கீழே இறங்கியது. ஜீன்ஸ் கிழியும் சத்தம். அடுத்து வந்தது துணியின் சத்தம் இல்லை.

கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி ஓடினேன்.

டப் டப்.

இன்னும் கீழே. எலும்பு முறிந்தது. எனக்கே கேட்டது.

ஸ்லைடரின் மேல் ரத்தம் வழிந்து ஓடியது. இரண்டு இடங்களில் மட்டும் ஒதுங்கி, வளைந்து ஓடியது. பாத அகலத்தில்... இரண்டு இடங்கள். பக்கத்துப் பக்கத்தில்.

அவனைப் பிடித்து இழுத்தேன். கால் வரவில்லை.

டப் ட—

கையை ஓங்கினேன். வண்டியின் கூரையில் அடித்தேன்.

ஒரே ஒரு தட்டு.

நின்றது.

ஸ்பிரிங் கிரீச்சிட்டது. வண்டி நிமிர்ந்தது. அண்ணன் தரையில் சரிந்தான்.

4.17.

கால் இரண்டு இடங்களில் உடைந்திருந்தது. நடப்பான் என்றார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: “நான் ஒரு தடவதான் ரெண்டு தட்டு தட்டினேன், இனியா. ஒரே தடவ.”

ஸ்லைடர்களை மஜீது அண்ணனே வந்து கழற்றிக்கொண்டு போனார். பதினோரு நாள் கழித்துக் கூப்பிட்டார். ஃபோனில் சொல்லமாட்டேன் என்றார். தேக்காவில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். அவர் டீயைத் தொடவில்லை.

போன வருடம், ஜோகூரில் ஒரு தோட்டம். அந்த ஸ்லைடர்கள் இருந்த வண்டியில், வேலையாள் ஒருவர் இடப்பக்க ஸ்லைடர் மேல் நின்று, ஓட்டுநருக்கு வழி காட்டியிருக்கிறார். வண்டி சறுக்கிப் பாறையோடு ஒட்டிக்கொண்டது. நடுவில் அவர். ஓட்டுநர் நிறுத்தவில்லை. பாறையில் உரசியபடியே வண்டியை மேட்டில் ஏற்றியிருக்கிறார்.

“ஏன் நிறுத்தலைன்னு போலீஸ் கேட்டிருக்கு,” என்றார் மஜீது அண்ணன். “ரெண்டு ரெண்டு தட்டா கேட்டுக்கிட்டே இருந்துச்சு, போகச் சொல்றான்னு நெனச்சேன்னு சொல்லியிருக்கான்.”

“வலியில அவர் தட்டியிருப்பாரு, அண்ணே...”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“உடம்ப எடுத்தவன்கிட்டயே பேசுனேன், பாப்பா. அந்த ஆளு ரெண்டு கையாலயும் வண்டிக் கூரை மேல இருக்குற கம்பிய இறுக்கிப் புடிச்சிருந்தாராம். ஒவ்வொரு விரலா ஒடிச்சுத்தான் எடுத்தாங்களாம்.”