அவள் சொல்லாமல் விட்ட நோவு

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களின் வடம் இழுத்துக் கட்டுகிற வேலை எனக்கு. வீடு லிங்கநகரில். என் மனைவி வீட்டிலிருந்து தைப்பவள். அந்த வருடம் பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரத்தில், பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளை இரண்டு கிழமை, பதினாலு நாளும், குனிந்தபடியே தைத்ததில் அவளுக்கு முதுகு உளைவு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவளைப் பாயில் குப்புறப் படுக்கச் சொல்லி, நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசி, வடம் இழுக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினேன்.

"சுகமாய் இருக்கா?"

"ஓம்" என்றாள். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் பலமாக அழுத்தினேன்.

மறுநாள் காலை குசினியில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைத்த கேத்திலை அவளால் தூக்க முடியவில்லை. முதுகைப் பார்த்தேன். என் விரல்கள் பட்ட இடமெல்லாம் கன்றிப் போயிருந்தது.

"நொந்தால் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் அவ்வளவு ஆசையாய்ச் செய்யேக்க எப்பிடிச் சொல்லுறது?"

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம். இதுவரை அவள் சொன்ன எத்தனை 'ஓம்' இப்படிப்பட்டதோ என்று அன்று முழுக்க யோசித்தேன்.

கன்றல் ஆறிய பிறகு ஒருநாள் திரும்பவும் எண்ணெய் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

"எந்த இடம், எவ்வளவு பலம் எண்டு நீர்தான் சொல்ல வேணும். சொல்லாட்டில் கை வைக்க மாட்டன்."

பாயில் குப்புறப் படுத்தாள். பிறகு, "தோளுக்குக் கொஞ்சம் கீழ" என்றாள். "அங்கதான். மெல்ல."

தனக்கென்று அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. அவள் கண்ணயரும் வரை நான் கையை எடுக்கவில்லை.