அவளிடம் இருந்த பீடிக்கட்டு

எனக்காக விடாத பீடியை என் கணவர் இன்னொருத்தியின் பேச்சைக் கேட்டு விட்டார். இதற்கு நான் மகிழ வேண்டுமா, அழ வேண்டுமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. ராயபுரத்தில் ஒண்டுக் குடித்தனம். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். எங்கள் மகளுக்கு அப்போது ஒரு வயது. பிறந்ததிலிருந்தே மூச்சு இரைப்பு. பீடிப் புகை குழந்தைக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். நான் கெஞ்சினேன், பட்டினி கிடந்தேன், அவர் பற்றவைக்கும்போதெல்லாம் குழந்தையைத் தூக்கி அவர் முன்னால் காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மாசி மாதத்தில் திடீரென்று வீட்டில் பீடி நாற்றம் நின்றது. குழந்தையின் இரைப்பும் தணிந்தது. என் விரதத்தின் பலன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள், துவைக்க எடுத்த அவர் சட்டைப் பையில் பூப்போட்ட சுருக்குப்பை ஒன்று இருந்தது. பெண்கள் இடுப்பில் செருகுவது. உள்ளே புகையிலை.

துறைமுக வாசலில் இட்லி விற்பவளுடையது என்று அவர் சாதாரணமாகச் சொன்னது என்னை இன்னும் எரித்தது. மறுநாளே அந்தப் பையோடு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். பல்லெல்லாம் காவி. ஆனாலும் சிரித்தால் அழகாகத்தான் இருந்தாள். அதை நான் பார்த்துவிட்டேன்.

"வா தங்கச்சி, இன்னா, சண்டைக்கு வந்துகீறியா?" என்று அவளே ஆரம்பித்தாள். "ரெண்டு பேரும் வுட்டுடணும்னுதான். அவரு பீடி என்னாண்ட கீது, என் போயில அவராண்ட கீது. வோணும்னா மூஞ்சியப் பாத்துக் கேக்கணும். கேக்க வெக்கமா இருந்தா ஒரு கிராம்ப மென்னுகினு போவோணும். அவ்ளோதான் எங்க கத."

இரண்டையும் தூக்கி எறிந்தால் என்ன என்றேன்.

"எறிஞ்சா புச்சா வாங்குவோம். இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் மனசு அடங்கும்."

புரியத்தான் செய்தது. இருந்தாலும் என் கணவர் பார்த்துக் கேட்க வேண்டிய முகம் என்னுடையது அல்லவா? சுருக்குப்பையை அவள் கூடையில் போட்டேன். பீடிக்கட்டைக் கொடு, இனி நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். தயங்கினாள், பிறகு கொடுத்தாள். ஜெயித்தவளைப் போல வீட்டுக்கு நடந்து, அதை என் டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.

கட்டு இனி என்னிடம்தான் என்று அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் அவர் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் சட்டையில் பழைய நாற்றம். அந்த வாரமே குழந்தைக்கு விலா உள்வாங்க இரைத்தது. பெட்டியில் கட்டு அப்படியே இருந்தது, வெளியில் வாங்கியிருக்கிறார். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று அழுதேன்.

"உன்னாண்ட எப்டிக் கேப்பேன்? நீ கொயந்தயத் தூக்கிக் காட்டுவ. அத்தப் பாத்தா நா மனுசனே இல்லன்னு தோணும். அந்தம்மா, 'எனக்கும்தான் நாக்கு அரிக்குது, போய்யா'ன்னு சிரிச்சிட்டு வுட்டுடும்."

மறுநாள் நானே பீடிக்கட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். அவள் கன்னத்தில் புகையிலை அடக்கியிருந்தாள். பை கைக்கு வந்ததும் அவளாலும் தாங்க முடியவில்லையாம். என் பொறாமை இரண்டு பேரைக் கவிழ்த்திருந்தது. கொண்டுபோனதை அவள் முன்னால் நீட்டினேன். அவள் துப்பி, வாய் கொப்பளித்து, பீடிக்கட்டை வாங்கிக்கொண்டு சுருக்குப்பையை என்னிடம் நீட்டினாள்.

"அவராண்ட குடு. இன்னொரு தபா புடுங்கிகினு போவாத தங்கச்சி."

மூன்று வருஷமாகிறது. இருவரும் விட்டுவிட்டார்கள்; மகள் இரைக்காமல் ஓடுகிறாள். அந்த இட்லிக்காரிக்கு நன்றி சொல்ல வேண்டியவள் நான். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே வேலையிலிருந்து வந்தால், அவளோடு என்ன பேசினாரோ என்றுதான் இன்னும் என் மனம் போகிறது. தான் தவறியதைக் கணவர் கூசாமல் வந்து சொல்ல, ஒரு மனைவி எப்படி நடந்துகொள்ள வேண்டும்? அறிந்த சகோதரிகள் தயவுசெய்து எழுதுங்கள்.