மாமியாருக்கு இரண்டு நிமிடம்

ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் எல்லாருக்கும் அவள் அக்கா. ஆன்டெனாக்களை இயக்கக் கட்டுப்பாட்டு அறைக்கு வருவதற்கு முன் ஒரு சர்வேயரிடம் அளவுச் சங்கிலி பிடித்தவள். நிலம் அளக்கப் போனால் முதலில் அசையாத எல்லைக்கல்லைப் பார்க்க வேண்டும். அளந்து முடித்ததும் மறுபடி அதையே பார்க்க வேண்டும். கல் சொல்லும் அளவு மாறவில்லையென்றால்தான் அன்றைய வேலை செல்லும். இந்தப் பழக்கத்தை அவள் வானத்துக்கும் கொண்டுபோனாள்.

நிலையத்தின் இருபது ஆன்டெனாக்களும் வாராவாரம் ஒரு தொலைதூர விண்மீன் திரளைப் பார்த்தன. அதன் நடுவிலுள்ள கருந்துளையை ஒட்டிப் பீய்ச்சியடிக்கும் தாரை, வேகம் குறைந்த பம்பரம்போலத் தலையை ஆட்டுகிறதா என்பதுதான் கேள்வி. ஆய்வாளர் மேடம் போட்ட அட்டவணையில் அந்தத் தாரைக்கு மட்டுமே இடம். அக்காவோ யாரிடமும் கேட்காமல், முன்னால் ஒரு நிமிடம், பின்னால் ஒரு நிமிடம், வானில் பக்கத்திலிருந்த வேறொரு பொருளின் மேல் ஆன்டெனாக்களைத் திருப்பிவிடுவாள். இரட்டைப் புள்ளியாகத் தெரியும் அது இம்மியும் திசை மாறாது. அதற்கு அவள் வைத்த பெயர் மாமியார்.

"எங்கம்மாவை எதுக்கு வானத்துல ஏத்தி வச்சிருக்க?" என்று வீட்டில் கணவர் கேட்டார்.

"ஒரு முடிவு எடுத்துட்டா அசைய மாட்டாங்கல்ல, அதான்."

உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

பதினோராம் ஆண்டு. தாரை ஒன்பது டிகிரி திரும்பி, மீண்டும் பழைய திசைக்கு வந்துகொண்டிருந்தது. மேடம் கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். பதில் வந்தது: திரும்பியது தாரையா, உங்கள் கருவியா? நிரூபிக்காவிட்டால் வெளியிட மாட்டோம்.

மேடம் இடிந்துபோய் உட்கார்ந்தார். "அசையாத ஒன்னையும் கூடவே பாத்திருக்கணும்க்கா. நேரம் வீணாகும்னு நான்தான் வேணாம்னுட்டேன்."

அட்டவணையை மீறினால் வேலை போகும் என்பது சுவரில் ஒட்டியிருந்த விதி. வாயை மூடிக்கொண்டிருந்தால் தன் நாற்காலி பிழைக்கும்; மேடத்தின் பதினோரு வருடம் பாழாகும். அவள் எழுந்துபோய், ‘சோதனை’ என்று பெயரிட்டு ஒதுக்கி வைத்திருந்த கோப்புகளைத் திறந்தாள்.

இருவரும் மூன்று நாள் உட்கார்ந்து, இரண்டின் திசையையும் வாரவாரியாக வரைபடத்தில் வரைந்தார்கள். தாரையின் கோடு அலைபோல வளைந்தது. மாமியாரின் கோடு இழுத்துக் கட்டிய கயிறு.

இயக்குநர் இரண்டு கோடுகளையும் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "யாரு அனுமதி குடுத்தது?"

"யாரும் குடுக்கல சார்."

"பதினோரு வருஷமாவா?"

"லீவு போட்ட வாரம் தவிர."

மேடம் குறுக்கே வந்தார். "இவங்களை அனுப்பறதா இருந்தா, இந்தக் கட்டுரையையும் கிழிச்சுப் போட்டுடுங்க சார்."

இயக்குநர் வரைபடத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். எச்சரிக்கைக் கடிதம்கூட வரவில்லை. அடுத்த வாரத்து அட்டவணையின் முதல் வரி மட்டும் புதிதாக இருந்தது: மாமியார், ஒரு நிமிடம்.

அக்கா கடைசி வரிவரை படித்தாள். முன்னால் கொடுத்திருந்தார்கள்; பின்னால் கொடுக்கவில்லை.

அன்று தாரையைப் பதிந்து முடித்ததும், அனுமதியில்லாத ஒரு நிமிடத்துக்காக அவள் ஆன்டெனாக்களைத் திருப்பினாள். மேடம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.