அப்பா சொன்ன இங்கிலிஷ் பகிடி

ஜேர்மனியில், பீலெஃபெல்டில், என் மகள் கணினியில் பழைய பிரித்தானிய நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் பார்க்கிறாள். அந்தப் பதிவுச் சிரிப்பொலி கேட்டதும் ஒன்பது வயதுக்குப் போய்விட்டேன். லண்டன் மாமா அனுப்பிய கசெட், சூடேறிய வீடியோப் பெட்டியின் மணம், ஒவ்வொரு பகிடியையும் எங்களுக்குத் தமிழில் சொல்லும் அப்பா. "இந்த ஜேர்மன்காரற்ற டொச்தான் ஏலாது. இங்கிலிஷ் எனக்குத் தண்ணிபட்ட பாடு" என்பார்.

இன்று மகளின் திரையை எட்டிப் பார்த்தேன். அதே காட்சி. விசா கேட்டு அலைகிறார் என்று அன்று அப்பா சொன்ன கிழவர், கடையில் தொப்பியைத் திருப்பிக் கொடுக்கிறார்.

உடனே அப்பாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"எனக்கெங்க பிள்ளை இங்கிலிஷ்? நானா யோசிச்சுச் சொன்னது. நீங்கள் சிரிச்சனீங்கள்தானே?"

அதே ஒன்பது வயதில் டொச் பேசிய டாக்டருக்கும் அவருக்கும் நடுவில் நின்று, அவர் வயிற்றில் புற்று என்பதை ஒரு சொல்லும் மாற்றாமல் அவருக்குத் தமிழில் சொன்னவள் நான்.