என் கையில் எழுந்திருக்காத குச்சிப்பூச்சி

பள்ளி விடுமுறை. லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, மகளை இன்று உயிருள்ள பூச்சிகள் கண்காட்சிக்குக் கூட்டிப் போனோம்.

நான் ஆபீஸ்களில் கரப்பானுக்கு மருந்து அடிக்கிறவன். "லீவு நாள்லயும் உனக்குப் பூச்சிதானா?" என்று மனைவி பஸ்ஸிலேயே சிரித்தாள்.

உள்ளே ஒரு பெண், குச்சிப்பூச்சியை வருகிறவர்களின் கையில் ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். பச்சைக் குச்சிக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. மகளின் முழங்கை வரை நிதானமாக நடந்தது.

"எங்கப்பாவும் பூச்சி வேலைதான் ஆன்ட்டி," என்றாள் மகள், பெருமையாக.

"அப்படியா சார்? நீங்களும் நம்ம லைனா? பிடிங்க."

நான் மறுக்கவில்லை. உள்ளங்கையை நீட்டினேன்.

இரண்டு எட்டு வைத்தது. பிறகு கால்களை மடக்கிக்கொண்டு அப்படியே கிடந்தது.

"பயந்தா செத்த மாதிரி நடிக்கும் சார். கொஞ்ச நேரத்துல எழுந்துடும்."

காத்திருந்தோம். பின்னால் வரிசையும் காத்திருந்தது. அது எழவே இல்லை. அந்தப் பெண் அதை எடுத்து ஒரு டப்பாவில் போட்டு மூடினார். அதன்பிறகு என்னை சார் என்று கூப்பிடவில்லை.

திரும்பும்போது மகள் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, கை கழுவிட்டுத்தானே வந்தே?"

மூன்று தடவை கழுவியிருந்தேன். இதே கையால்தான் அவளுக்குச் சோறு ஊட்டி வளர்த்தேன்.

மருந்து முழுசாகப் போகிற சோப்பு எது என்று தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள். 'வேலையை மாற்று' என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். நாளைக் காலை தொம்மலூரில் ஒரு ஆபீஸ் காத்திருக்கிறது.